முப்பத்தாறு நாள் குறைந்த பிரபு

நெல்சன் பென்ஃபோல்ட் துறைமுகத்தில் முப்பத்தைந்து வருஷம் கிரேன் ஓட்டினார். அதில் இருபது வருஷம் சங்கத்துக் கொடியைப் பிடித்துக்கொண்டு, 'முதலாளி வர்க்கம் ஒழிக' என்று நங்கூரம் போட்ட கப்பலில் இருப்பவனுக்கும் கேட்கும்படி கத்தினார். அதே முப்பத்தைந்து வருஷமும், தாம் ஓர் இங்கிலாந்துப் பிரபு என்று மனதார நம்பினார். இரண்டும் ஒன்றுக்கொன்று உதைக்கிறதே என்று யாராவது கேட்டால் அவருக்குக் கோபம் வந்துவிடும். ஒழிய வேண்டியவன் முதலாளி. பிரபு வேறு ஜாதி. முதலாளி அடுத்தவன் உழைப்பில் சம்பாதிக்கிறவன். பிரபு சம்பாதிப்பதே இல்லை, பிறக்கிறான், அவ்வளவுதான். இதில் சுரண்டல் எங்கே இருக்கிறது என்று கேட்பார். சங்கத்துத் தோழர்கள் பதில் தெரிந்தும் சொல்லமாட்டார்கள். கிரேனின் கொக்கி அவர் கையில் இருந்தது.

ராயபுரத்தில் அவருக்கு நெல்சன் என்று பெயர் இருப்பது தபால்காரருக்கும் கத்தோலிக்கக் கோயில் சாமியாருக்கும் மட்டுமே தெரியும். மற்றவர்களுக்கு அவர் லார்டு. அந்தப் பெயரை வைத்தவர் காலித். நெல்சன் மேலே கிரேனில் உட்கார்ந்திருக்க, கீழே நின்று கை காட்டும் சிக்னல்மேனாக இருந்தவர், வண்ணாரப்பேட்டைக்காரர். இருவரும் ஓய்வு பெற்ற பிறகும் கல்மண்டபம் பக்கத்து டீக்கடையில் தினமும் சந்தித்துக்கொண்டார்கள்.

"இன்னா லார்டு, லண்டன்லேர்ந்து கப்பல் வந்துச்சா?" என்று காலித் ஆரம்பிப்பார்.

"வந்துகினே கீது. வந்தா ஒன்னத்தான் கை காட்ட சொல்வேன்."

"அப்போ நேரா பாலத்துல மோத வுட்டுடுவேன், பாத்துக்கோ."

நெல்சன் சிரிப்பார். கேலி செய்கிறவன் பாதியாவது நம்புகிறான் என்பது அவருடைய கணக்கு.

நம்புவதற்கு ஆதாரம் இல்லாமலும் இல்லை. பாரன் ட்ரெவன்ஹம் என்ற பிரபுப் பட்டத்தின் கதை சின்னது, கொஞ்சம் அசிங்கமானது. பட்டங்களின் கதைகள் பெரும்பாலும் அப்படித்தான். ஜோசையா பென்ஃபோல்ட் என்பவர் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலக் கடற்படைக்கு பிஸ்கட் செய்து கொடுத்தார். பிஸ்கட்டில் புழு இருப்பதாக மாலுமிகள் புகார் செய்தார்கள். புகாரை விசாரிக்க வேண்டிய பாராளுமன்றத்தில் இரண்டு உறுப்பினர்கள் ஜோசையாவின் கைக்குள் இருந்தார்கள். ஒரு நெருக்கடியான ஓட்டெடுப்பில் அந்த இரண்டு ஓட்டும் மந்திரிசபைக்குப் போய்ச் சேர்ந்தன. 1797-இல் ஜோசையா பிரபுவானார். பட்டயத்தில் புழுவைப் பற்றி ஒன்றுமில்லை. இப்படி ஒரு வரி மட்டும் இருந்தது: இந்தப் பட்டம் இவருக்கும், இவர் உடலிலிருந்து சட்டப்படி பிறக்கும் ஆண் வாரிசுகளுக்கும்.

இரண்டாவது பிரபு மாளிகை கட்டினார். மூன்றாவது பிரபு அதை அடமானம் வைத்தார். நான்காவது பிரபுவுக்கு மாளிகையும் இல்லை, மூன்று பிள்ளைகள் மட்டும் இருந்தார்கள். மூன்றாமவன் ஆர்தர். சீட்டாட்டத்தில் ஏதோ தகராறு என்றும், இல்லை, சீட்டாட்டத்தில் ஜெயித்ததுதான் தகராறு என்றும் குடும்பத்தில் இரண்டு விதமாகச் சொல்வார்கள். எப்படியோ சென்னைக்குக் கப்பலேற்றப்பட்டு, ராயபுரம் ரயில் நிலையத்தில் குட்ஸ் வண்டிக்கு கார்டாக வேலைக்குச் சேர்ந்தான். செல்லக்கனி என்ற கத்தோலிக்கப் பெண்ணோடு குடும்பம் நடத்தினான். அவர்களுடைய மகன் ஜேம்ஸ். ஜேம்ஸின் பேரன் நெல்சன்.

இடைப்பட்ட தலைமுறைகளில் பென்ஃபோல்டுகள் ராயபுரத்துக்காரர்களாகவே ஆகிவிட்டார்கள். ஆங்கிலம் போயிற்று, நிறம் போயிற்று, சுறாப்புட்டு வந்தது. நெல்சன் தம் பிள்ளைகள் தம்மை 'டாடி' என்று கூப்பிட வேண்டும் என்று பல வருஷம் போராடினார். அவர்கள் தெருவில் எல்லாரும் கூப்பிடுகிற மாதிரி 'நைனா' என்றே கூப்பிட்டார்கள். போகாமல் நின்றது அந்தக் குடும்பப் பெயரும், பட்டயத்தின் அந்த ஒற்றை வரியும் மட்டுந்தான். வரியை நெல்சன் மனப்பாடமாக வைத்திருந்தார். பிரார்த்தனையைவிட நன்றாகச் சொல்வார்.

அந்த வரியை அவர் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் உபயோகித்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு, தம் சொந்த மகன் மேல்.

மேத்யூ வெல்டர். காட்டுப்பள்ளிப் பக்கம் வேலை. அங்கே ஒரு கன்டெய்னர் யார்டில் டாலி கிளார்க்காக இருந்த பவானியை விரும்பினான். பெட்டி இறங்கும்போது எண்ணைப் பார்த்துத் தாளில் டிக் போடுகிற வேலை அவளுக்கு. இந்துப் பெண். அவளுடைய அம்மா வீட்டில் பத்துப் பேர் முன்னால் மேத்யூ தாலி கட்டினான். கோயில் கல்யாணத்துக்கு மேற்றிராசனத்து ஆயர் அலுவலகத்திலிருந்து அனுமதி வர வேண்டும்; அது வருவதற்குள் குழந்தை வந்துவிட்டது. சாரா பிறந்து இரண்டு மாதம் கழித்துத்தான் பீடத்துக்கு முன்னால் கல்யாணம் நடந்தது. இப்படி நடப்பது ராயபுரத்தில் புதிதல்ல. சாமியார் கூட, "சரி, வரிசை கொஞ்சம் மாறிடுச்சு" என்று சிரித்துவிட்டு மந்திரித்துக் கல்யாணத்தை முடித்துவைத்தார்.

நெல்சன் கல்யாணத்துக்குப் போகவில்லை. குழந்தையோடு வீட்டுக்கு வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தினார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

"கல்யாணத்துக்கு முன்னாடி பொறந்தது எங்க வம்சத்துல சேராது. நான் சொல்லல. எங்க பட்டயத்துலயே போட்டுக்கீது. சட்டப்படி பொறந்த வாரிசு!"

"பொட்டப் புள்ள நைனா அது," என்றான் மேத்யூ. "ஆம்பளையா பொறந்திருந்தாலும் உன் பட்டத்த கேக்க வந்திருக்காது."

"அப்போ இன்னும் சுலபம்."

"நீ பெரிய லாடு லபக்குதாஸு. நீயும் உன் பட்டயமும் நல்லா இருங்க." மேத்யூ குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.  பவானி வாசல்படியை ஒரு தரம் நன்றாகப் பார்த்துவிட்டுப் போனாள். காத்திவாக்கத்தில் வீடு பிடித்தார்கள்.

அன்றிலிருந்து நெல்சன் மகனைப் பற்றிப் பேச நேர்ந்தால் 'அவன்' என்பார். பவானியைப் பற்றி, 'அந்தப் பொண்ணு'. பேத்தியைப் பற்றிப் பேச நேர்ந்ததே இல்லை.

வீட்டில் மிஞ்சியவள் மூத்த மகள் ஐரீன். நாற்பத்துமூன்று வயது. கல்யாணம் ஆகவில்லை. பங்குக் கோயில் அலுவலகத்தில் எழுத்தர். ஞானஸ்நானம், திருமணம், இறப்பு மூன்றுக்கும் பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழ் எழுதித் தருவாள். அவள் எழுதியதைச் சாமியார் பார்க்காமலே கையெழுத்திடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில், அப்பாவிடம் சொல்லாமல், காத்திவாக்கம் போய்வருவாள். அப்பாவுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதற்கு அவர் பட்ட பாட்டில் பாதியை மகனோடு சமாதானமாவதற்குப் பட்டிருக்கலாம்.

காலித் ஒரு முறை சொன்னார்: "உன் பட்டத்துக்கு ஏத்த ஆளு இந்தப் பொண்ணுதான் மாமு. இங்கிலீஷ் எழுதுது, கணக்கா கீது, யாருக்கும் பயப்பட மாட்டேங்குது."

"பொண்ணுக்குப் போகாது," என்றார் நெல்சன்.

"அப்போ யாருக்குப் போவும்?"

நெல்சன் டீயைக் குடித்தார். இந்த இடத்தில்தான் பட்டயம் அவரைக் கிள்ளும். அவருக்குப் பிறகு பட்டம் மேத்யூவுக்குத்தான் போகும். வாசலில் நிறுத்தித் துரத்தியது அவனுடைய பிள்ளையைத்தான். அவனை வாரிசு வரிசையிலிருந்து நீக்கப் பிரபுவாலும் முடியாது. மேத்யூவுக்கு ஆண் பிள்ளை இல்லாததால் அவனோடு எல்லாம் முடிந்துவிடும். ஆக, இவ்வளவு காலமாகக் காத்துவந்த வம்சத்துக்கு மிச்சமிருந்தது இரண்டே இரண்டு பிரபுக்கள்: ஒருவர் கிரேன் ஓட்டி, ஒருவன் வெல்டர். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

இதெல்லாம் டீக்கடைப் பேச்சாகவே போயிருக்கும். ஆனால் போன வருஷம் கோயில் அலுவலகத்துக்கு லண்டனிலிருந்து ஒரு மெயில் வந்தது. எழுதியவர் திருமதி ஹோல்ட். உரிமை கோர ஆளில்லாமல் உறங்கிக் கிடக்கும் பட்டங்களைப் பற்றி ஆராய்கிற பெண்மணி. ட்ரெவன்ஹம் பட்டத்தின் ஆறாவது பிரபு பிள்ளையில்லாமல் ஒரு முதியோர் இல்லத்தில் இறந்துபோனார். மூத்த கிளைகள் எல்லாம் அற்றுவிட்டன. ஆர்தர் பென்ஃபோல்ட் என்பவர் ராயபுரத்தில் ஆண் வாரிசு விட்டுப்போனாரா என்று உங்கள் பதிவேட்டில் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார்.

ஐரீன் மெயிலை இரண்டு முறை படித்துவிட்டு வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னாள். எழுபது வயது மனிதர் எழுந்து நின்றார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

நியாயமாகச் சொன்னால், அந்தப் பட்டத்தில் ஒன்றுமே இல்லை. நிலம் கிடையாது, வீடு கிடையாது. பிரபுக்கள் சபையிலிருந்து பரம்பரைப் பிரபுக்களில் பெரும்பாலோரை 1999-லேயே வெளியே அனுப்பிவிட்டார்கள். கிடைப்பது ஓர் ஏட்டில் ஒரு வரி. அதற்கு மேல் ஒன்றுமில்லை என்பதாலேயே நெல்சனுக்கு அதன் மேல் ஆசை அதிகமாயிற்று. ஏதாவது ஆதாயம் இருந்திருந்தால் ராயபுரத்தில், 'கிழவன் அதுக்குத்தான் அலையுறான்' என்று சொல்லியிருப்பார்கள். இப்போது அவர் வேண்டியது ஒன்றுதான்: லார்டு என்று கூப்பிட்டுக் கேலி செய்தவர்கள் அதே வார்த்தையால் கூப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும், ஆனால் கேலி செய்ய முடியக் கூடாது.

ஐரீன் 1893-ஆம் வருஷத்துப் பதிவேட்டை எடுத்தாள். ஓரம் பொடிந்துபோன ஏடு. ஜேம்ஸின் பெயர் இருந்தது. பிறப்பு மார்ச் ஏழு, ஞானஸ்நானம் ஒன்பது. தகப்பன் பெயருக்கு முன்னால், பிரபுவின் மகன் என்பதற்கான மரியாதைச் சொல்லைக்கூட ஆர்தர் வற்புறுத்தி எழுத வைத்திருந்தான். அதற்கு மேல் ஆதாரமே வேண்டாம். திருமணப் பதிவேட்டைத் திறந்தாள். ஆர்தர் பென்ஃபோல்ட், செல்லக்கனி: ஏப்ரல் பன்னிரண்டு.

அதே வருஷம்.

ஐரீன் விரல் விட்டு எண்ணினாள். முப்பத்தாறு நாள்.

ஓரக் குறிப்புகளிலிருந்து கதை புரிந்தது. ஆர்தர் தகப்பனாரின் சம்மதக் கடிதத்துக்காகக் காத்திருந்தான். அது வரவே இல்லை. அதற்குள் செல்லக்கனியின் வீட்டில் தாலி கட்டிக் குடித்தனமும் ஆரம்பித்தாயிற்று. வயிறு தெரிந்த பிறகு கோயிலுக்கு வந்தார்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் பெண், மாப்பிள்ளை பெயரை ஓலை வாசிக்க வேண்டும், யாருக்காவது தடை இருந்தால் சொல்ல. கடைசி ஓலை பிப்ரவரி பன்னிரண்டு, ஞாயிறு. புதன்கிழமை சாம்பல் புதன், தவக்காலம் ஆரம்பம். தவக்காலத்தில் கோயிலில் கல்யாணம் கிடையாது, அன்றும் இல்லை, இன்றும் இல்லை. இடையில் திங்கள், செவ்வாய் என்று இரண்டு நாள் காலியாக இருந்தது. ஓரத்தில் அந்தக் காலத்துச் சாமியார் சின்ன எழுத்தில் எழுதியிருந்தார்: மணமகன் குட்ஸ் வண்டியோடு போயிருக்கிறார்.

வண்டி திரும்பி வந்தபோது தவக்காலம். உயிர்ப்புப் பெருநாளான ஈஸ்டர் முடியும்வரை சாமியார் மந்திரிக்க மாட்டேன் என்றார். குழந்தைக்குத் தவக்காலம் தெரியவில்லை.

திருச்சபைக்கு இதில் சிக்கலே இல்லை. பெற்றோர் பின்னால் கல்யாணம் செய்துகொண்டால் முன்னால் பிறந்த பிள்ளையும் முறையான பிள்ளைதான். இங்கிலாந்துச் சட்டமும் 1926-இல் அதே முடிவுக்கு வந்தது; ஆனால் பிரபுப் பட்டங்களுக்கு இது பொருந்தாது என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டது. ஏழைகளின் பிள்ளைகள் முறையானவர்கள் ஆவதில் யாருக்கும் நஷ்டமில்லை.

ஐரீன் சொன்னதைக் கேட்டு நெல்சன் தாமும் ஒரு தரம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

"சாமியாரு பாக்காமதானே கையெழுத்து போடுவாரு?" என்றார் கடைசியில்.

"ஆமா."

"ஏப்ரல்ன்றத பிப்ரவரின்னு எழுதினா?"

"அவரு பாக்காம போடுறாரு. அதனாலதான் நைனா நான் பாத்து எழுதணும்."

"நூத்தி முப்பது வருஷம் ஆச்சு. யாருக்கு நஷ்டம்?"

"எனக்கு. நாளைக்கு ஒருத்தர் வந்து சர்டிபிகேட் கேட்டா நான் எழுதுறது நெஜமான்னு எனக்கே டவுட் வரும்."

நெல்சன் குரலை உயர்த்தினார். "அவங்க வூட்ல தாலி கட்டிக்கினாங்க! ஊரே பாத்துச்சு! கோயில் கல்யாணம் ஒரு முத்திரைதான். ரயிலு லேட்டானதுக்கு ஒரு வம்சமே கெட்டுப் போயிடுமா?"

"பவானியும் இதத்தான் சொல்ல வந்துச்சு."

"அது வேற."

எப்படி வேறு என்று ஐரீன் கேட்கவில்லை. உண்மையை அப்படியே திருமதி ஹோல்டுக்கு எழுதினாள்.

பதில் ஒரு மாதம் கழித்து வந்தது. வழி குறுகலானது, ஆனால் அடைபடவில்லை என்றார் அந்தப் பெண்மணி. வீட்டில் தாலி கட்டுவதே இந்தச் சமூகத்தில் கல்யாணமாகக் கருதப்பட்டது, அப்படிப் பிறந்த பிள்ளைகளை முறையான பிள்ளைகளாகவே நடத்தினார்கள் என்று நிரூபித்தால், ஜேம்ஸ் பிறப்பதற்கு முன்பே கல்யாணம் நடந்துவிட்டது என்று வாதிட்டுப் பார்க்கலாம். சாட்சியங்கள் வேண்டும். அதே குடும்பத்திலிருந்து ஒரு சாட்சியம் கிடைத்தால் எல்லாவற்றையும்விட பலமானது. உங்கள் குடும்பத்தில் அண்மையில் அப்படி ஏதாவது நடந்ததுண்டா?

ஐரீன் இதைத் தமிழில் சொல்லி முடித்ததும் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தாள்.

"எழுது," என்றார் நெல்சன்.

நோட்டரி வக்கீல் வாசகம் சொல்ல, முத்திரைத்தாளில் ஐரீன்தான் தட்டச்சு செய்தாள். 'என் மகன் மேத்யூ, பவானிக்கு வீட்டில் தாலி கட்டிய நாளிலிருந்தே அவ்விருவரும் கணவன் மனைவி என்றும், கோயில் திருமணத்துக்கு முன் பிறந்த அவர்கள் மகள் சாரா முறையான பிள்ளை என்றும், பிறந்த நாளிலிருந்து எங்கள் குடும்பம் ஏற்று நடத்தி வருகிறது.' கீழே நெல்சன், மேத்யூ, பவானி மூவரும் கையெழுத்திட வேண்டும்.

ஒரு தேதியை மாற்ற மறுத்தவள் இதை எப்படி அடித்தாள் என்று கேட்கலாம். பதிவேடு கோயிலுடையது, இந்தத் தாள் அப்பாவுடையது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதைவிட முக்கியமான காரணம் வேறு. இந்தத் தாளுக்காகவாவது அப்பா அந்த வீட்டு வாசலை மிதிப்பார். உள்ளே போய் உட்கார்ந்த பிறகு தாளில் எழுதியிருப்பது உண்மையாகவே ஆகிவிடலாம். வருஷக்கணக்காக அவள் செய்துவந்த ஒரே ஜெபம் அது. பிரபுக்கள் வழியாக வந்து சேருகிறது என்றால் வரட்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இருவரும் கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறினார்கள். நெல்சன் கோட் போட்டிருந்தார். திருவொற்றியூர் தாண்டியதும் ஜன்னல் வழியாகப் புகை வாடை வந்தது. காத்திவாக்கத்தில் இறங்கி நடந்தபோது அவர் தாள் இருந்த உறையை வியர்வை படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார்.

கதவைத் திறந்தது சாரா. உள்ளே பார்த்துக் கத்தினாள்: "அம்மா, ஐரீன் அத்த வந்துகிறாங்க. கூட ஒரு தாத்தா கீறாரு."

ஒரு தாத்தா. நெல்சன் செருப்பைக் கழற்றுவதில் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

பவானி வெளியே வந்தாள். ஒரு கணம் நின்றாள். "வாங்க மாமா. உள்ள வாங்க," என்றாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். குடித்தார். மேத்யூ பனியனோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கவில்லை, ஆனால் டிவியை அணைத்தான்.

"எறா தொக்கு வெச்சிக்கிறேன். காலையில கழிமுகத்துலேர்ந்து வந்தது," என்றாள் பவானி. "சாப்ட்டுட்டுப் பேசலாம்."

"மொதல்ல விஷயம்," என்றார் நெல்சன். உறையை நீட்டினார்.

ஐரீன் விஷயத்தைச் சொன்னாள். மேத்யூ கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்தான்.

"ஏன் நைனா, நீ லார்டானா உனக்கப்புறம் நான்தானே?"

"நீதான்."

"எனக்கு வேணாம்னா?"

"வேணாம்னு எழுதிக் குடுக்கணும். ஒரு வருஷத்துக்குள்ள."

"அதுக்கும் ஒரு கையெழுத்தா? பேஜாரு புடிச்ச பட்டமா கீதே." அவன் பவானி பக்கம் திரும்பினான். "நீ படிச்சிப் பாரு. உனக்கு சரின்னா எனக்கும் சரி."

பவானி தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். கன்டெய்னர் எண்ணைப் படிப்பதுபோல ஒவ்வொரு வார்த்தையாக விரல் வைத்துப் படித்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"'பொறந்த நாள்லேர்ந்து'ன்னு போட்டுக்கீது." அவள் தலையைத் தூக்கினாள். "மாமா, சாராவுக்குப் பொறந்த நாளு என்னிக்கி?"

நெல்சன் வாயைத் திறந்தார். அவருக்கு மார்ச் ஏழு தெரியும், 1893. முதல் பிரபு பட்டம் வாங்கிய வருஷம் தெரியும். ஆறாவது பிரபு இறந்த கிழமை தெரியும்.

"ஆகஸ்டு," என்றார்.

"நவம்பர் தாத்தா," என்றது சாரா, தப்பாகச் சொன்ன ஒரு பிள்ளைக்கு உதவுகிற குரலில்.

 பவானி தாளை மடிக்காமல் மேஜை மேல் வைத்தாள்.

"கோச்சிக்காதீங்க மாமா. நான் யார்டுல பதினஞ்சு வருஷமா டாலி போடுறேன். மழையில நின்னிருக்கேன், வெயில்ல நின்னிருக்கேன். சூப்பர்வைசர் வந்து, 'போடும்மா, பெட்டி பின்னாடி வருது'ம்பாரு. என் கண்ணு முன்னாடி எறங்காத பெட்டிக்கு ஒரு டிக்கு போட்டதில்ல. இது எறங்கல."

"இது ஒரு ஃபார்மாலிட்டிம்மா. உனக்கு நல்லதுதானே எழுதிக்கீது? உன் புள்ளைக்கு முறையான பொறப்புன்னு நானே கையெழுத்து போடுறேன்."

"அது ஏற்கெனவே முறையாத்தான் பொறந்துச்சு. உங்க கையெழுத்துக்கு நாங்க நிக்கல." அவள் குரல் உயரவில்லை. "நெஜத்த எழுதலாமே மாமா. பின்னாடி பக்கம் காலியாத்தான் கீது. இன்னிக்கித் தேதி போடுங்க. 'இன்னிக்கி நான் வந்தேன், இன்னிக்கி ஏத்துக்கினேன்'னு ஒரு வரி. நானும் போடுறேன், இவரும் போடுவாரு. இது எறங்குன பெட்டி. நான் பாத்தேன்."

"இன்னிக்கித் தேதி போட்டா லண்டன்ல செல்லாது."

"காத்திவாக்கத்துல செல்லும்."

நெல்சன் கோட் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். தாளைத் திருப்பி அதன் வெறும் பக்கத்தைப் பார்த்தார்.  சமையலறையில் தொக்கு அடிப்பிடிக்கும் வாசனை வந்தது, பவானி போகவில்லை.

"முத்திரைத்தாளு," என்றார் நெல்சன். "பின்னாடி எழுதினா முன்னாடி இருக்கறதும் கெட்டுப் போயிடும்."

பேனாவை மூடினார். தாளை உறைக்குள் வைத்தார். உறை பைக்குள் போயிற்று.

"டிரெயினுக்கு நேரமாச்சு."

"சாப்ட்டுட்டுப் போங்க," என்றாள் பவானி. அவளே அதைச் சொன்னாள். நெல்சனுக்குக் காது கேட்கும், அன்றைக்குக் கேட்கவில்லை. மேத்யூ டிவியைப் போட்டான்.

திரும்பும் ரயிலில் அப்பாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து வந்தார்கள். ஐரீன் இந்த ஒரு நாளுக்காகத்தான் அந்தப் பொய்யைத் தட்டச்சு செய்திருந்தாள். இப்போது பொய் மட்டும் மிஞ்சியது, அதுவும் கையெழுத்தில்லாமல்.

நெல்சன் விடவில்லை. காலித்தைக் கேட்டார். "எங்க நிக்காவுல தாலியே இல்ல மாமு, உன் தாலிக்கு நான் இன்னான்னு சாட்சி சொல்றது?" என்று காலித் நழுவினார். கடைசியில் பங்குக் கோயிலில் இரண்டு பெரியவர்கள், வீட்டில் தாலி கட்டுவது இங்கே கல்யாணந்தான் என்று எழுதிக் கொடுத்தார்கள். இருவரும் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அந்தத் தெருவில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள். மனு லண்டனுக்குப் போயிற்று.

ஏழு மாதம் கழித்து பதில் வந்தது. ஊர்க்காரர் இருவரின் பொதுவான அபிப்பிராயம் போதாது, அந்தக் குடும்பமே அப்படிப் பிறந்த பிள்ளையை ஏற்றுக்கொண்டது என்பதற்குச் சாட்சியம் ஒன்றும் சமர்ப்பிக்கப்படவில்லை, உரிமை நிரூபணமாகவில்லை. பட்டம் தொடர்ந்து உறக்கத்தில் இருக்கும். திருமதி ஹோல்ட் தனியாக நாலு வரி ஆறுதலும் எழுதியிருந்தார். நல்ல மனுஷி.

மறுநாள் காலை ஐரீன் கோயிலுக்குப் போகிற வழியில் டீக்கடையைத் தாண்டினாள். உள்ளே நெல்சனின் குரல் கேட்டது. கூட்டம் கூடியிருந்தது, பிரபுவாக முடியாதவரைப் பார்க்க, பிரபுவாக இருந்திருந்தால் வந்திருக்கக்கூடியதைவிடப் பெரிய கூட்டம்.

"எல்லாம் ரெடியா கீது," என்று சொல்லிக்கொண்டிருந்தார். "வூடு தேடிப் போயி கேட்டேன். ஒரே ஒரு கையெழுத்து. போட மாட்டேன்னுட்டா. என் மருமக ஒரு கையெழுத்து போட்டிருந்தா, இந்நேரம் நான் லார்டு."

காலித் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். "யாரு போட்டிருந்தா?"

"என் மருமக. பவானி. மேத்யூ பொண்டாட்டி. வேற யாரு?"

பன்னிரண்டு வருஷத்தில் முதல் முறையாக அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது, அதுவும் ஊரார் முன்னால், சாட்சிகளோடு. தாம் என்ன சொன்னோம் என்பதை அவர் கவனிக்கவில்லை. அவருக்குக் குற்றம் சாட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது. சொந்தத்தில் இருக்கிறவர்களைத்தான் அப்படிக் குற்றம் சாட்ட முடியும்.

அடுத்த ஞாயிறு ஐரீன் காத்திவாக்கம் போனாள். "மாமாவுக்கு இன்னா ஆச்சு? லெட்டர் வந்துச்சா?" என்று பவானி கேட்டாள். வந்தது, இல்லையென்று எழுதிவிட்டார்கள் என்றாள் ஐரீன். "வேற ஏதாச்சும் சொன்னாரா?" என்று கேட்டபோது, மருமகள் என்று சொன்னதைச் சொன்னால் கூடவே வந்த பழியையும் சொல்ல வேண்டும் என்பதால், இல்லை என்று சொல்லிவிட்டு, சாராவின் வீட்டுப்பாடத்தை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தாள்.